ஒரு பற்றறி, இரண்டு வாய்

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையைக் கிளிநொச்சியின் முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தாச்சு என்ற கதை எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேரும்போதே தண்ணீர் வாசற்படியில் நின்றது. கரண்ட் முன்னிரவிலேயே போயிருந்தது. அம்மா, இவர், இரண்டு பெடியள், நான். அவசரத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கைபோனை எடுத்து அதிலிருக்கிற லைற்றைப் போட்டேன்.

அந்த லைற்றில்தான் அடையாள அட்டைகளும் காணி உறுதியும் தேடினோம். அதே லைற்றில்தான் ஆடுகளை அவிழ்த்துவிட்டோம், நெல் மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றினோம். ஒரு கையில் போன், மற்றக் கையில் சின்னவன். இடுப்புவரை தண்ணீர் வந்த பிறகு பக்கத்து மாடி வீட்டுக்குப் போய் ஏறினோம். விடியற்காலை நாலு மணியிருக்கும், போன் இரண்டு தரம் துடித்துவிட்டு அணைந்தது. இவருடைய போன் அதற்கு முதலே சட்டைப்பையோடு நனைந்து செத்துப் போயிருந்தது. அடுத்த நாள் மத்தியானம் வரை நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கனடாவில் இருக்கிற அக்கா முப்பது, நாற்பது தரம் அடித்துப் பார்த்து, அழுது, கடைசியில் ஊரில் கண்டவர் நின்றவரிடமெல்லாம் விசாரித்திருக்கிறா.

வீட்டில் ரோச் லைற் இல்லாமல் இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனபோது கோயில் கடைத்தெருவில் வாங்கியது. பெரிய தலை, சிவப்பு உடம்பு, பின்பக்கம் இழுத்தால் இரண்டு பின் வெளியே வரும், அதைச் சுவரில் செருகிச் சார்ஜ் போடலாம். அன்றிரவு சுவிற்சைத் தட்டினேன். மின்மினிப் பூச்சி அளவுக்கு ஒரு மஞ்சள் ஒளி வந்து, அதுவும் போய்விட்டது.

ஏன் என்று பிறகு ரேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்தது 4 வோல்ட் ஈய அமிலப் பற்றறி, மோட்டார் சைக்கிள் பற்றறியின் குட்டித் தம்பி. இந்த வகைப் பற்றறியைச் சார்ஜ் இறங்கினபடி மாதக்கணக்கில் தொங்கவிட்டால் தகட்டில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை மணித்தியாலம் செருகி வைத்தாலும் ஏறாது. பாவித்துச் சாகிற சாமான் இல்லை அது, பாவிக்காமல் சாகிற சாமான். நாங்கள் அதை வாங்கிய அன்று விளையாட்டாக அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே தொங்கவிட்டதுதான்.

அவர் இன்னொன்றும் காட்டினார். அந்த ரோச்சுக்குள் சுவர்க் கரண்டைக் குறைத்துத் தனியாகப் பிரித்துத் தருகிற ட்ரான்ஸ்போமர் என்று ஒன்று கிடையாது. ஒரு கப்பாசிற்றரும் நாலைந்து டையோட்டும்தான். சுவரில் செருகியிருக்கும்போது உள்ளே இருக்கிற கம்பியெல்லாம் 230 வோல்ட்டோடு நேரே தொடுசலில் இருக்கும். உடம்பு வெடித்திருந்தாலோ, கை ஈரமாக இருந்தாலோ கதை முடிந்தது. இப்போது இதே மாதிரி மலிவு ரோச்சுகளில் போன் சார்ஜ் போடுகிற ஓட்டையும் வைத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுவரில் நேரே செருகுகிற பின் உள்ள ரோச்சில், அது செருகியிருக்கும் நேரம், அந்த ஓட்டையில் போனை மாட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்கவும் வேண்டாம். என்னைக் கேட்டால் பின் வைத்த ரோச்சே வேண்டாம் என்பேன். போன் சார்ஜரில் கேபிள் மாட்டி ஏற்றுகிற வகை போதும்.

அடுத்த வருசம் ஆடி மாதம் அத்தான் கனடாவிலிருந்து வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சாமானை எடுத்து மேசையில் வைத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்னால் லைற், பக்கவாட்டில் வாசிக்கிற லைற், முதுகில் சின்னச் சோலார் தகடு, ரேடியோ, சைரன், மடித்து வைக்கிற கைபிடி, போன் சார்ஜ் போட ஒரு ஓட்டை. “கரண்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். சுத்தினால் போன் சார்ஜ் ஏறும். ஆறு வேலை செய்யும்” என்றார். பெடியள் முதலில் சைரனைக் கண்டுபிடித்தார்கள். ஒழுங்கை நாய் முழுக்க ஊளையிட்டது.

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. கைபிடியை நாலு சுற்றுச் சுற்றினா. “உது எங்கட சைக்கிள் டைனமோதானே தம்பி” என்றா.

உண்மைதான். 1990க்குப் பிறகு யுத்த காலத்தில் வன்னிக்குள் வராமல் தடுக்கப்பட்ட சாமான்களில் மண்ணெண்ணெயும் ரோச் பற்றறியும் முக்கியம். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில், யானை விலையில். 2002இல் ஏ9 பாதை திறக்கும் வரை நான் படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். போத்தலின் அடியில் பஞ்சு, அது குடிக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் சுற்றிய நூல்திரி. போத்தலுக்குள்ளேயே எரியும், காற்றுக்கு அணையாது. செய்தி கேட்க ஐயா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார்.

அந்த விளக்குக்கு அம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். சாப்பிட வெளிச்சம், படிக்க வெளிச்சம். கதைக்க வெளிச்சம் எதற்கு? படிப்பு முடிந்ததும் விளக்கை நூர்த்துப்போட்டு இருட்டுக்குள் இருந்து கதைப்போம். இன்றைக்கும் அம்மா முக்கியமான கதையென்றால் லைற்றை நூர்க்கச் சொல்லுவா. எனக்கு அப்போது அது கஞ்சத்தனமாகத்தான் தெரிந்தது.

சரி, ரோச்சுக்கு வருவோம். அத்தான் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவனும் நானும் அதைச் சோதித்துப் பார்த்தோம். பெட்டியில் போட்டிருப்பதையெல்லாம் நம்புகிறவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கைபிடி. பெரியவன் போனை மாட்டிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி சுற்றினான். ஐந்து நிமிடத்தில் வியர்வை. பிறகு நான், பிறகு மீண்டும் அவன். ஒரு வீதம் ஏறுவதற்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தது. அந்த ஒரு வீதமும் திரையைப் பார்த்துப் பார்த்தே போய்விட்டது. சைக்கிள் டைனமோ என்றால் 6 வோல்ட், 3 வாற்று, அதைச் சுற்றுவது கால். இந்தக் கைபிடி உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அதன் பாதி கூட வராது. ஆனால் லைற் என்றால் வேறு கதை. ஒரு நிமிடம் சுற்றினால் மங்கல் வெளிச்சத்தில் ஐந்தாறு நிமிடம் எரிந்தது. ரேடியோவும் அப்படித்தான். அதனால் கைபிடியை நான் போன் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாம் செத்த நேரத்தில் பாம்பு பார்த்துக் காலடி வைக்க ஒரு வழி, அவ்வளவுதான். வேகமாகச் சுற்றாதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்ரிக் பற்சில்லு. எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பெடியன் அதே மாதிரி ஒன்றின் பல்லை ஒரே நாளில் உடைத்துவிட்டான்.

அடுத்தது சோலார். தகட்டை அடிமட்டத்தால் அளந்தோம். பத்து சென்ரிமீற்றர் நீளம், நாலு சென்ரிமீற்றர் அகலம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு 1000 வாற்று அளவில் விழும் என்று பெரியவனின் விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்தது. அப்படியென்றால் இந்தத் துண்டில் விழுவதே 4 வாற்று. அதில் ஐந்தில் ஒன்று கரண்டாக மாறினால் அது நல்ல தகடு. முக்கால் வாற்று என்று வையுங்கள். ஒரு நாள் முழு வெயிலில் ஐந்து மணித்தியாலம் நன்றாகப் பிடித்தாலும் பற்றறி பாதிதான் நிறையும். வன்னியின் பங்குனி வெயிலுக்கே இந்தக் கணக்கு என்றால், வெள்ளம் வருகிற கார்த்திகை, மார்கழி மூடலுக்கு என்ன வரும்? தேவைப்படாத காலத்தில் வேலை செய்து, தேவைப்படுகிற காலத்தில் படுத்துக்கொள்வது சோலாரின் குணம். முந்தி மீள்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது நிறுவனம் ஒன்று தந்த சோலார் லாம்பிலும் இதைக் கண்டிருக்கிறோம்.

இதில் நான் ஒரு பிழையும் விட்டேன். வெயில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று தகரக் கூரைக்கு மேல் வைத்தேன். ஆவணி மாத மத்தியானம். பின்னேரம் எடுக்கப் போனால் கை வைக்க முடியவில்லை, உடம்பின் ஒரு மூலை நெளிந்திருந்தது. லித்தியம் பற்றறியை 45 பாகைக்கு மேல் சூட்டில் சார்ஜ் பண்ணக்கூடாது. தகரத்தின் சூடு அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். இப்போது வைக்க வேண்டி வந்தால் காலை எட்டிலிருந்து பத்தரை வரை, திண்ணையில் ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு பலகைத் துண்டு போட்டு வைக்கிறேன்.

கைபிடியும் சோலாரும் கழிந்தால் மிஞ்சுவது பற்றறி ஒன்றுதான். முன்கூட்டியே கரண்டில் ஏற்றி வைப்பதுதான் உண்மையான சரக்கு. மற்றதெல்லாம் பெட்டியை நிரப்பப் போட்ட படங்கள். இது விளங்க எனக்கு 2022 வரை எடுத்தது.

2022 பங்குனி கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. அம்மாவுக்கு மட்டும் எதுவும் புதிதாகத் தெரியவில்லை. நான் பெருமையாக அத்தானின் ரோச்சை எடுத்து வைத்தேன். பின்னேரம் என் போனை அதில் மாட்டுவேன், பிறகு இவருடைய போன், பிறகு பெரியவன் ஒளித்து ஒளித்துத் தன் போனை மாட்டுவான். இரவு ஒன்பது மணிக்குச் சின்னவன் படிக்க லைற்றைப் போட்டால் அரை மணித்தியாலத்தில் சிவப்புப் பொட்டு எரியும்.

ஒரு நாள் அம்மா கேட்டா: “உதுக்குள்ள எவ்வளவு எண்ணெய் பிடிக்கும்?”

அம்மா எண்ணெய் என்றுதான் கேட்டா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் கணக்கு வெளித்தது. ரோச்சின் பற்றறி 2000 எம்ஏஎச் (பற்றறிக்குள் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லுகிற அளவு). என் போன் 5000 எம்ஏஎச். சும்மா கழித்தாலே நிறையாது. அதோடு உள்ளே இருக்கிற 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாகத் தூக்கி, போன் அதைத் தன் அளவுக்குத் திரும்ப இறக்கிக்கொள்ளும்போது வழியில் சிந்துவதும் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ரோச் முழுக்க வற்றினாலும் என் போனில் கால் பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூட ஏறும். அதே சரக்கில் பெரிய லைற் ஏழு மணித்தியாலம் எரியும். மங்கல் லைற் என்றால் ஒரு முழு நாளுக்கு மேல்.

அதாவது கால் பங்கு போன் சார்ஜின் விலை ஒரு இரவு வெளிச்சம். “அப்ப ஒரு போத்தல் எண்ணெயில ரெண்டு திரி கொளுத்தினனீங்கள்” என்றா அம்மா. அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்றிலிருந்து ஒரு பிரிவினை. ரோச் வெளிச்சத்துக்கு. போனுக்கு ஒரு தனிப் பவர் பாங்க், 10000 எம்ஏஎச். அவசரத்தில் மட்டும், அம்மாவின் அனுமதியோடு, ரோச்சிலிருந்து ஒரு போனுக்கு. அந்த ஒரு போனும் என் தொடுதிரைப் போன் இல்லை. பொத்தான் போன். அதன் பற்றறி 1000 எம்ஏஎச்தான். ரோச்சில் பாதியைக் கொடுத்தால் கிட்டத்தட்ட நிறைந்துவிடும், கதைக்காமல் வைத்திருந்தால் நாலைந்து நாள் தாங்கும். அதே பாதியைத் தொடுதிரைப் போனுக்குக் கொடுத்தால் விடியமுன் போய்விடும். வீட்டில் ஒரு பழைய பொத்தான் போன் கிடந்தால் எறியாதீர்கள். சில பழைய போன்களுக்கு மெல்லிய ஊசிப் பின்தான் போகும். அதற்கான கேபிளைத் தேடிப் பிடிப்பதுதான் கரைச்சல். நான் ஒன்றைக் கண்டுபிடித்து, பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி, அந்த றப்பரால் ரோச்சின் உடம்போடேயே சேர்த்துக் கட்டிவிட்டேன். கேபிள் மேசை லாச்சிக்குள்ளும் ரோச் ஆணியிலும் இருந்தால் இருட்டுக்குள் இரண்டும் சந்திக்காது.

இப்படிப் பாவித்துப் பாவித்து 2023இல் பற்றறி களைத்துப்போனது. திறந்து பார்த்தால் உள்ளே 18650 என்கிற உருளை. 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம், அந்த இலக்கத்தின் அர்த்தமே அதுதான். கழற்றி மாற்றக்கூடிய வகை. (வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டி மூடியதென்றால் பற்றறி செத்த அன்று ரோச்சும் சாகும்.) கடையொன்றில் 9800 எம்ஏஎச் என்று பொன்னெழுத்தில் அடித்த ஒன்று, பழையதன் விலையில் பாதிக்கு. நல்ல லாபம் என்று வாங்கி வந்தேன். பழைய 2000இலும் கெதியாக அது விழுந்தது.

பிறகு விசாரித்தால் அந்த அளவு உருளைக்குள் 3500 எம்ஏஎச் அளவுதான் நல்ல கம்பனிக்காரருக்கே அடைக்க முடிகிறது. 9800 என்பது அச்சுக்காரர் போட்ட இலக்கம். தெரிந்த நகைக்கடையில் காதுத்தோடு திருத்தப் போனபோது இரண்டு பற்றறியையும் கொண்டுபோய் அவர்களுடைய தராசில் வைக்கக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பழையது 45 கிராம். புதியது 31. நல்ல 18650 ஒன்று 40 கிராமுக்குக் குறைவது அரிது. நகைக்கடைத் தராசில் பொன் முலாம் பிடிபட்டது அன்றுதான் முதல் தடவையாக இருக்காது, ஆனால் பற்றறிக்கு அதுதான் முதல் தடவை என்று அவர் சிரித்தார்.

போலியை வீட்டில் வைத்திருக்கவும் பயம். சுற்றியிருக்கிற பிளாஸ்ரிக் உறை கிழிந்தால், சாவிக்கொத்தோடு பையில் உரசினால், இந்த உருளைகள் சூடேறித் தீப்பிடிக்கும். பற்றறி ஊதினாலோ, சார்ஜ் போடும்போது கை பொறுக்காத சூடு வந்தாலோ உடனே கழற்றி வெளியே, எரிகிற சாமான் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பையோடு சேர்த்து நெருப்பு வைக்கிற பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. இதை அதற்குள் போடவே கூடாது.

சார்ஜ் போட மறக்கிற வியாதிக்கு மருந்து சொன்னதும் அம்மாதான். போனில் நினைவூட்டல் வைத்துப் பார்த்தேன், தட்டிவிட்டுப் போய்விடுவேன். அம்மா சொன்னா, தைப்பொங்கலுக்கு ஒருக்கால், சித்திரை வருசத்துக்கு ஒருக்கால், ஆடிக்கூழுக்கு ஒருக்கால், தீபாவளிக்கு ஒருக்கால். எண்ணிப் பாருங்கள், கிட்டத்தட்ட மூன்று மூன்று மாதம். லித்தியம் பற்றறியைச் சும்மா வைக்கும்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து ஏற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பதும் அதேதான். தையிலிருந்து ஆடிவரை பாதி அளவில் வைத்தால் பற்றறிக்கு ஆயுள் கூட. தீபாவளிக்கு மட்டும் முழுக்க ஏற்றுவோம், அதற்குப் பிறகு மாரி. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் சுட்டி கொளுத்தும்போது அம்மா ரோச்சையும் ஒருக்கால் எரித்துப் பார்த்து நூர்ப்பா. அதுவும் ஒரு விளக்குத்தானே என்பா.

அதன் இடம் முன்கதவுக்கு வலப்பக்க ஆணி. வேறு எங்கும் இல்லை. ஒரு வெள்ளைத் துணித் துண்டு கட்டியிருக்கிறது, இருட்டில் அதுதான் முதலில் தெரியும். எடுத்தவர் திருப்பி அதே ஆணியில் மாட்டாவிட்டால் வீட்டில் பெரிய சண்டை. வெள்ளத்துக்குப் பிறகு புடையனும் விரியனும் மேட்டுக்கு ஏறி வரும் என்பதால், இரவில் கிணற்றடிக்குப் போகிறவர் ரோச்சில்லாமல் இறங்கக்கூடாது என்பதும் சட்டம். பெரிய லைற் வேண்டாம், மங்கல் லைற்றைக் காலடிக்கு முன்னால் பிடித்தால் போதும். மழையில் நனையும் என்பதால் அதற்கு ஒரு பொலித்தீன் பை. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தெறிக்கிற தண்ணீருக்குத் தாங்கும் என்றுதான் அர்த்தம். தண்ணீருக்குள் விழுந்து எழும்ப ஐபிஎக்ஸ்7 வேண்டும். எங்களுடையது 4. பைக்குள் ஒரு தாளில் 117 (அனர்த்த உதவி), 1990 (அம்புலன்ஸ்), 119 (பொலிஸ்), அக்காவின் நம்பர், கிராம சேவையாளரின் நம்பர், பெரிய எழுத்தில். போன் செத்தால் நம்பரும் செத்துவிடுகிறது, இப்போது யாருக்கு ஒரு நம்பராவது பாடம்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். இந்த முறை நாங்கள் நேரத்தோடு ஆயத்தம். கரண்ட் போகமுன் ரோச், பவர் பாங்க், பொத்தான் போன் மூன்றும் நிறைந்திருந்தன. ஆடுகள் மேட்டில். தண்ணீர் வாசல் மட்டும் வந்து நின்றது. ஆனால் நான் நினைக்காத ஒன்று நடந்தது. போனில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இல்லை. கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும், அதன் பற்றறியும் சில மணித்தியாலம்தான். சிக்னல் தேடித் தேடியே தொடுதிரைப் போன் இரவோடு முப்பது வீதத்தைத் தின்றுவிட்டது. அடுத்த நாள்தான் புத்தி வந்து அதை ஃபிளைற் மோட்டில் போட்டேன். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திறந்து, இரண்டு நிமிடம் பார்த்து, திரும்ப மூடு. இப்படி வைத்தால் நாட்கணக்கில் நிற்கும்.

அந்த மூன்று நாளும் கைகொடுத்தது நான் விளையாட்டுச் சாமான் என்று நினைத்த ரேடியோதான். எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தக் குளம் வான் பாய்கிறது என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்தது எங்கள் திண்ணையிலிருந்து. செய்தி நேரத்துக்கு ஏழெட்டுப் பேர் வருவார்கள். பெடியள் முறை வைத்துக் கைபிடியைச் சுற்றினார்கள். ரேடியோவுக்கு மட்டும் அந்தச் சுற்று காணும்.

வந்தவர்களில் பாதிப் பேர் கையில் போனும் கேபிளும். “அக்கா, ஒரு பத்து நிமிசம்.” மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கு வந்தது. “சிக்னல் இல்லாத போனுக்கு எதுக்கு ராசா சார்ஜ்? படம் பாக்கவோ?” பவர் பாங்கில் ஒரு போனுக்குத்தான் இடம் கொடுத்தா. மூன்றாம் வீட்டுப் பிள்ளை எட்டு மாதக் கர்ப்பிணி. அவளுடைய போன் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், சிக்னல் வந்த கணமே 1990க்கு அடிக்கத்தக்கதாக. அந்தப் பிள்ளையின் புருசன் போனைக் கொண்டுவந்து கொடுத்து, நிறைந்ததும் வந்து வாங்கிப் போவான். நல்லகாலம், அந்த நாட்களில் அடிக்க வேண்டி வரவில்லை.

மூன்றாம் இரவு பதினொரு மணிக்குப் பொத்தான் போன் கட்டிலடியில் அதிர்ந்தது. அக்கா. நான் துள்ளியெழும்பி, வழக்கம்போல ஆணியைத் தடவி, ரோச்சைப் போட்டுக்கொண்டு திண்ணைக்கு ஓடினேன். “எல்லாரும் இருக்கிறியளோ? அம்மா எங்கை? தண்ணி வந்ததோ?” என்று ஒரே மூச்சில் அவ. எனக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு வரவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது.

“பிள்ளை, லைற்றை நூர்த்துப்போட்டுக் கதை.”

நூர்த்தேன். தவளைச் சத்தத்துக்குள் இருந்து அக்காவோடு கதைக்கத் தொடங்கினேன்.